மழை சாய்ந்து பெய்த வீடு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

திருவிடைமருதூரில் தொடங்கிக் கோடியக்கரை உப்பளம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், கியாரண்டியைப் போல் வாய் கூசாமல் பொய் சொல்லும் மனிதர் இன்னொருவரை நீங்கள் கண்டெடுக்க முடியாது. அவருடைய இயற்பெயர் இன்னதென்று எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. கூரை வேலைக் கண்ட்ராக்டர். கும்பகோணத்திலிருந்து சைக்கிளில் வருவார். எதைச் சொன்னாலும் இறுதியில் "கியாரண்டி" என்று முத்திரை வைப்பார். "இன்னிக்கு அமாவாசை, கியாரண்டி" என்பார். அவர் தலைக்கு மேலேயே பிறை நிற்கும்.

ஒரு வழக்கம் மட்டும் அவரிடம் உண்டு. மாதாவின் பெயரால் அவர் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார். கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர், ஒழுகும் கூரையின் கீழ் அவரை நிறுத்தி, "வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணுய்யா" என்றாராம். "அந்தத் தாயை எதுக்குங்க இதுல இழுக்குறீங்க?" என்று கேட்டபடியே நழுவியவர், செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடும் டவுன் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டாராம். இக்கதை அறிந்திருந்தும் என் வீட்டுக் கூரையை அவரிடம் ஒப்படைத்தேன். அவரைவிட நன்றாக ஓடு வேய்பவர் அக்காலத்தில் இப்பக்கத்தில் இல்லை என்பதே காரணம்.

எங்கள் தெரு வாய்க்கால் கரைத் தெரு. பண்ணையில் உழைத்த குடும்பங்கள் குடியிருந்த இடம். புதிய ஆட்சியில் குடியிருப்பு மனைக்குப் பட்டா கிடைத்தது. கூலிக்காகவும் குத்தகைக்காகவும் வரப்புதோறும் கொடி நட்டுப் போராடிய காலம் அது. என் தந்தையாரும் கொடி பிடித்தவர். தோளில் அடி வாங்கிய தழும்பு கடைசிவரை அவருக்கு இருந்தது. நான் படிப்பகத்துச் செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்து, அரிசி ஆலையில் எடை போடும் வேலைக்குப் போனவன். தெருவிலேயே முதல் ஓட்டு வீடு எங்களுடையது. தாழ்வான நாட்டு ஓட்டு வீடு. அதைப் புயல் பிரித்துப் போட்டது.

கியாரண்டி வந்து பார்த்தார். "கூரை மோட்டை ஒரு முழம் ஒசத்தணும் தம்பி. வாட்டம் பத்தலை. தண்ணி வழியாம தங்கும். ஒசத்தி, சீமை ஓடு போட்டுட்டா, உங்க பேரப்புள்ள காலத்துக்கும் ஒழுகாது. கியாரண்டி" என்றார். "அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போய்விட்டேன். விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்பும் வேலை எனது. கூரை முடிந்ததும், "மோடு ஒசந்துடுச்சாப்பா?" என்று தந்தையாரைக் கேட்டேன். "ஒசரமாத்தான் இருக்கு" என்றார். சிவந்த புது ஓடும், முகட்டில் தடிமனாக அப்பியிருந்த சுண்ணாம்பும் என் கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றின.

ஆடி முடிவில் முதல் மழை வந்தது. சுற்றிலுமிருந்த கீற்று வீடுகள் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஓட்டு வீடு ஒழுகிற்று.

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா வாசலில் நின்று, "ஓட்டு வீட்டுக்காரவங்களே, நனையாம எங்க கீத்துக் கொட்டாயில வந்து ஒண்டிக்குங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி அழைத்தாள். அந்த ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. எங்கள் பரணில் சம்பா நாற்றங்காலுக்கான விதைநெல் மூட்டைகள் இருந்தன. குத்தகை நிலம் கைக்கு வந்தபின் எங்கள் குடும்பம் முதன்முதலாகச் சொந்தமாக எடுத்து வைத்த விதை அது. அதுவரை விதைப்புக்கு விதைப்பு பண்ணைக் களஞ்சியத்து வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாங்கி வந்தோம். விதை போனால் மறுபடியும் அதே வாசல். முதல் மழையிலேயே ஒரு மூட்டை முளைவிட்டு, சாக்கின் இழைகளுக்கிடையே பச்சையாக எட்டிப் பார்த்தது. மிச்சத்தை வேறெங்கும் வைக்க வழியில்லை; மற்ற வீடுகளில் ஆட்களுக்கே படுக்க இடமில்லை.

சைக்கிளை மிதித்துக் கும்பகோணம் போய்க் கியாரண்டியைக் கையோடு அழைத்து வந்தேன். அண்ணாந்து பார்த்தார். "கூரை நல்லாத்தான் இருக்கு. மழைதான் சாய்ஞ்சு பெய்யுது. நேராப் பெஞ்சா ஒழுகாது. கியாரண்டி."

அடுத்த மழை நேராகவே பெய்தது. "புது ஓடு தண்ணி குடிக்கும் தம்பி. வயிறு ரொம்பிட்டா நிறுத்திக்கும்" என்றார். மூன்றாம் முறை பழி என் மனைவியின்மேல் விழுந்தது. "வீட்டம்மா நெல்லு அவிக்கிறாங்கள்ல, அந்த ஆவி மேல போயி ஓட்டுல பட்டுத் தண்ணியா விழுது. இதுக்குப் பேரு ஒழுகல் இல்லீங்க."

என் மனைவி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "நெல்லு அவிக்கிறது கொல்லையில. சொட்டுறது கூடத்துல. ஆவி என்ன வழி தெரியாம உள்ள வந்துடுச்சா?"

"காத்து தள்ளிக்கிட்டு வரும்மா."

"அப்ப உங்களையும் அந்தக் காத்துதான் தள்ளிக்கிட்டு வந்துச்சா? திரும்ப எப்பத் தள்ளும்?"

கியாரண்டி அசரவில்லை. ஏணி வைத்து ஏறினார். இரண்டு ஓடுகளை மாற்றினார். இறங்கி, "முடிஞ்சுது" என்றார். ஒழுகல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபெயர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் அடக்க இயலாது. ஆலையில் மூட்டையைத் தராசில் தூக்கிப்போடும்போதெல்லாம் அவரையே தூக்கிப்போடுவதாக நினைத்துக்கொண்டேன். இரண்டாவது மூட்டையும் முளைத்த அன்று, கியாரண்டியை வரவழைத்து, சங்கக் கொடிமரத்தடியில் தெருவைக் கூட்டினேன்.

தெருவே திரண்டு வந்துவிட்டது. நான் முளைவிட்ட நெல்லை அள்ளிக்கொண்டு போய் அவர் காலடியில் கொட்டினேன். "இதுக்குப் பதில் சொல்லுங்க கண்ட்ராக்டரே."

அவர் குனிந்து ஒரு முளையை எடுத்துப் பார்த்தார். "அருமையான முளைப்புங்க. பழுதே இல்ல. விதை தரமான விதை, கியாரண்டி" என்றார். கூட்டம் சிரித்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"இந்த வாய்ப்பேச்செல்லாம் வேணாம். வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணுங்க. உங்க வேலையில தப்பு இல்லேன்னு சொல்லுங்க. இப்பவே விட்டுடுறேன்."

அவர் ஓடப்போகிறார் என்றே அனைவரும் எதிர்பார்த்தோம். சைக்கிள் இருந்த பக்கத்தை இருவர் மறித்தும் நின்றனர். அவரோ தலைத்துண்டை அவிழ்த்தார், செருப்பைக் கழற்றினார். "மாதா சத்தியமா என் வேலையில தப்பு இல்ல" என்றார்.

 அஞ்சலை அக்காதான் கேட்டாள்: "அப்ப யாரு தப்புய்யா?"

கியாரண்டி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். "அது வந்து... மழை சாய்ஞ்சு..." என்று பழைய பொய்யையே தேடினார்.

பின்னால் உட்கார்ந்திருந்த என் தந்தையார் எழுந்தார். "கூரை தாங்குற கைமரத்தைக் கொறச்சு அறுக்கச் சொன்னது நான்தான்டா. மோடு பழைய ஒசரத்துலயே நிக்கட்டும்னேன்."

"பெரியவரே, வாயை மூடுங்க!" என்று கியாரண்டி கத்தினார். "நான்தான் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்ல!"

"மாட்டுக் கொட்டாய்க்கு மேல போவ வேணாம்னு சொன்னேன்" என்றார் தந்தையார். "மவன்கிட்ட சொல்லிப்புடாதீங்கன்னு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன்."

எங்கள் தெருமுனையில் பண்ணையின் மாட்டுக் கொட்டகை இருந்தது. பண்ணையாட்களின் குடிசை எதுவும் அதன் முகட்டைவிட உயரக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். என் தந்தையார் சிறுவராயிருந்தபோது என் தாத்தா குடிசையைச் சற்றே உயர்த்திக் கட்டினாராம். பண்ணை அனுப்பிய அடியாட்கள் வந்து மோட்டில் கயிறு கட்டினார்கள். கயிற்றின் ஒரு முனையைத் தாத்தாவின் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். அவரும் இழுத்தார்.

ஐயா, வரப்பில் கொடி பிடித்து நின்றவர் என் தந்தையார். தடியடிக்கு முதுகைத் திருப்பாதவர். அவரைத் தம் சொந்தக் கூரையைத் தாழ்த்தும்படி செய்தது ஒரு மாட்டுக் கொட்டகை. பட்டா வந்து, ஆட்சி மாறி, கொடியும் ஏறிய பிறகு! அன்று எனக்கு மூண்ட சினம் தந்தையார்மேலும் இல்லை, கியாரண்டிமேலும் இல்லை. அது இன்றுவரை தணியவுமில்லை.

"தம்பி, பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. நாத்தங்காலுக்கு நாளாவுது" என்றார் கியாரண்டி. எங்கிருந்தோ ஒரு லாரித் தார்ப்பாயைக் கொண்டுவந்து மிச்ச மூட்டைகளைப் போர்த்தினார். மறுநாளே கூரையைப் பிரித்து, நீளமான கைமரங்களை ஏற்றினார். மோடு எழும்ப எழும்ப, தந்தையார் வாய்க்கால் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்து நின்றார். "என்னப்பா, மோடு போற போக்கப் பார்த்தா கொட்டாய விட ஒசந்துடும் போலருக்கே?"

வேலை நின்றது. கூரைமேல் இருந்த கியாரண்டி என்ன பொய் சொல்லப்போகிறாரோ என்று அண்ணாந்து பார்த்தோம்.

"ஒசரும்ங்க. அதுக்குத்தான் ஏத்துறேன்" என்றார்.

"பண்ணையில கேப்பாங்க."

"கேட்டா என்கிட்ட அனுப்பி வைங்க. உங்க கொட்டாயும் ஒழுகுது, வர்றப்ப பார்த்தேன். மாடெல்லாம் நனையுதுங்க பாவம். இதே ஒசரத்துக்கு ஏத்தித் தர்றேன். கியாரண்டி!"

தெரு சிரித்த சிரிப்பில் காரியக்காரரின் குடை தானாகவே திரும்பிற்று. கொட்டகை உண்மையில் ஒழுகியதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மாலையில் தந்தையார் எழுந்து வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ஒசரமாத்தான் இருக்கு" என்றார். அந்த ஆண்டு நாற்றங்காலில் எங்கள் விதையே விழுந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் முதல் மழைக்குக் கியாரண்டி அழையாமலே வந்துவிடுவார். நனைந்தபடி வாசலில் நின்று, "ஒழுகுதா?" என்பார். இல்லையென்றால் முகம் வாடிவிடும்; சண்டை போட முடியாதல்லவா? அதனால் என் மனைவி கூடத்தின் நடுவில் ஒரு காலிக் குண்டானை வைத்து, "சொட்டுதுங்க கண்ட்ராக்டரே!" என்று சீறுவாள். அவர் குண்டானுக்குள் எட்டிப் பார்ப்பார். அது காய்ந்து கிடக்கும். "மழை சாய்ஞ்சு பெய்யுதும்மா!" என்று அவரும் சீறுவார். பிறகு இருவரும் சமாதானமாகி, அவர் காப்பி குடித்துவிட்டுப் போவார்.

அவர் காலமாகி நெடுநாளாயிற்று. இவ்வாண்டும் முதல் மழைக்கு என் மனைவி குண்டானைக் கூடத்தில் வைத்தாள். நான் போய் வாசற்கதவைத் திறந்து வைத்தேன்.

இக்கடிதத்தை எங்கேனும் ஈரம் படாத இடத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன்.