பட்டாளத்துச் சாமியின் தொண்டை

இந்திய ராணுவம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்களிலேயே மகா பயந்தாங்கொள்ளி பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் பட்டாளத்துச் சாமிதான். இதை அவரே பெருமையாக ஒப்புக்கொள்வார்.

பட்டாளத்தில் பூசைக்கும் பிரார்த்தனைக்கும் ஈமக்கிரியைக்கும் மதகுரு என்று ஒருவரை வைத்திருப்பார்கள். அது அவர் உத்தியோகம். பாதிரியார் லீவில் போனால் கிறிஸ்தவ ஜவான்களுக்கும் இவரே ஜெபம் நடத்துவார். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டு கணபதி ஹோமத்தையும் "ஆமென்" என்று முடித்துவைத்தார். என் மாமியார் நெய்க் கரண்டியோடு எழுந்துவிட்டார்.

தீபாவளி வந்தால் முதல் வெடிக்கே சாமி கட்டிலுக்கடியில் இருப்பார். "எல்லையில குண்டு விழுந்தப்போ என்ன சாமி பண்ணீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பங்கருக்குள்ள பசங்க கையப் புடிச்சிக்கினு நடுங்கினேம்மா. 'சாமியே இப்படி நடுங்குறாரு பாருடா'ன்னு சிரிச்சானுங்க. சிரிச்சவனுக்குப் பயம் போச்சு. அதாம்மா என் டூட்டி."

பிறகு கார்கில் சண்டை வந்தது. ஜவானான என் கணவர் மலைமேல் இருந்தார். சாமிக்கு பெங்களூரிலேயே வேலை. யாராவது இறந்தால் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போகும் அதிகாரியோடு அவரும் போக வேண்டும். எங்கள் தெருவில் பாதி, பட்டாளத்து வீடுகள். அவர் தலை தெரிந்தாலே கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் போட்டுவிட்டால் செய்தி வராது என்று ஒரு நினைப்பு. நானும் போட்டேன்.

இது புரிந்ததும் சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். மாவு மில் முனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். "சும்மாதான் வர்றேன்! சும்மாதான் வர்றேன்!" தக்காளி வாங்க வந்தாலும் இதே கூப்பாடு. பழைய பேப்பர்காரர், போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று சண்டைக்கே போனார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் குரல் கேட்டால்தான் எனக்கு மூச்சே வரும்.

ஒரு காலை சாமி தெருவுக்குள் வந்தார். கத்தவில்லை.

குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றுவிட்டேன். தாழ்ப்பாள் போடக்கூடக் கால் நகரவில்லை. அவர் ஒவ்வொரு வீடாகத் தாண்டினார். எங்கள் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"சொல்லிடுங்க சாமி," என்றேன்.

சாமி பதறிப்போய்த் தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், தொண்டையைத் தொட்டார், டம்ளரைப் பிடித்துக் குடிப்பதுபோல் ஜாடை காட்டினார். மாமியாருக்குத்தான் முதலில் புரிந்தது. மரியாதை காற்றில் பறந்தது.

"தொண்ட கட்டிக்கிச்சா? கஷாயத்துக்கா வந்தே? அட பேஜார் புடிச்ச மனுசா! என் மருமவ உசுரு போயிருக்குமேய்யா!"

குடம் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

சுக்குக் கஷாயம் உள்ளே போனதும் வெறும் காற்றாகக் குரல் வந்தது. "வாரம் பூரா பெட்டிங்க வந்துச்சும்மா. ஒவ்வொரு பையன் பேரையும் சத்தமாச் சொல்லித்தான் மந்திரம் சொல்வேன். அவங்கம்மாவுக்குக் கேக்கணுமில்ல?" டம்ளர் அவர் கையில் கடகடவென்று ஆடியது. "இப்பவும் நடுங்குறேன். சிரிக்கத்தான் அவனுங்க இல்ல."

மாமியார் இன்னொரு டம்ளர் ஊற்றினார். தொண்டை சரியாகும்வரை சாமி பூசை மணியை ஆட்டிக்கொண்டே தெருவுக்குள் வந்தார்.

சண்டை ஓய்ந்தது. ஒரு சாயங்காலம் மாவு மில் முனையிலிருந்து பழையபடி கூப்பாடு கேட்டது. "சும்மாதான் வர்றோம்! சும்மாதான் வர்றோம்!" கூடவே இன்னொரு குரலும் கத்தியது. அது என் கணவர் குரல். அவருடைய கித்தான் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு சாமி முன்னால் வந்தார்.

ஓடிப்போய் நான் முதலில் கும்பிட்டது சாமியைத்தான். என் கணவருக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. எனக்கு இல்லை.