எங்கள் தெருவில் தண்ணீர் அருவியாய்க் கொட்டிய கதை

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் பேத்திக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை என்று உனக்கே தெரியும், நான்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேனே. உலக நாடுகள் எல்லாம் கூடி ஒரு கெடு வைத்திருக்கின்றனவாம், அதற்குள் எல்லா மனிதருக்கும் சாப்பாடு, படிப்பு, நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று. எவ்வளவு பேருக்குக் கிடைத்தது என்று ஒவ்வொரு நாடும் கட்டம் கட்டமாக எண் எழுதி அனுப்ப வேண்டும். தண்ணீர்க் கட்டம் இவள் பொறுப்பு. அதில்தான் சிக்கல். குழாய் இலாகா மண்ணில் புதைத்த குழாயை எண்ணுகிறது, அதில் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் அது வேறு இலாகாவாம். இரண்டும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி முகம் பார்ப்பதில்லை. மேலதிகாரி, "ஏம்மா, கட்டத்தைக் காலியா விட்டா அசிங்கம், போன தடவை எண்ணையே போட்டுடு" என்கிறார். இவள் விடவில்லை. "சார், ஒரே ஒரு தெருவுல வீடு வீடா கேட்டுக் காட்டறேன். சரியா வந்தா மத்த தெருவுக்கும் ஆள் குடுங்க" என்று எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதல் நாளே வீடு வீடாகப் போய், "என் பேத்தி ஆபீஸ்லேருந்து வர்றா, தெரு மானத்தை வாங்கிடாதீங்க" என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், தண்ணீர் பிடிக்கும் டிரம்மெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது, வறண்ட குழாய்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். "வீட்டுல குழாய் இருக்கா?" என்று பேத்தி கேட்க, தையல்காரி, "இருக்காவா! அருவியாட்டம் கொட்டுது!" என்கிறாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடுகிற எதிர்வீட்டு டிரைவர், "கொட்டுற சத்தத்துல தூக்கமே வரலம்மா" என்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் பேத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி, நம்ம தெருவுல தண்ணிக்குக் குறையே இல்லையாம். இதைக் கொண்டுபோய்க் குடுத்தா பழைய எண்ணுதான் நிக்கும். நம்ம குழாயில தண்ணியும் வராது."

"அப்போ நான் காலையில குடம் சுமந்தது?"

"அதை யாரு எங்கிட்ட சொன்னீங்க?"

தன் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தவள், "நான் கேட்டதும் தப்புதான் பாட்டி. இன்னிக்குக் குடிச்ச தண்ணி எங்கேருந்து வந்தது, யாரு தூக்கினதுன்னு கேக்கறேன்" என்றாள்.

மறுநாள் தெருவையே கூப்பிட்டு வைத்து என் வீட்டுக் குழாயைத் திறந்தேன். அது இருமியது, செருமியது, ஒரு சிலந்தியை வெளியே அனுப்பியது. டிரைவர், "அடடே, உங்க வீட்டுலயுமா?" என்று சிரித்தபடி போய் மாடியிலிருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் பார், பெருமை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது! "நான் ரெண்டு தெரு தாண்டித் தூக்கறேன்." "போடி, நான் பாலம் வரைக்கும் போறேன்." பேத்தி ஒவ்வொருத்தரோடும் கூடவே நடந்து பார்த்துத்தான் எழுதினாள். எண் படுமோசமாக வந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. படித்தவர்கள் சந்தோஷமே தனி. மேலதிகாரி அவளோடு வந்து எங்கள் குழாயைத் தானே திருகிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, மத்த தெருவுக்கும் ஆள் அனுப்பலாம்" என்றாராம்.

உங்கள் தெருவுக்கும் வருவார்கள். வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல். உன் வீட்டுக் குழாயில் காற்று வராமல் தண்ணீர் வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: அடுத்து படிப்புக் கட்டமாம். கேட்க வந்த பெண்ணிடம் எட்டாவது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்டால் நீ ஏழாவது என்று சொல். என்ன இருந்தாலும் நான் மூத்தவள்.