இருபத்தொரு சட்டியும் ஒரு ஸ்கேனும்

மனைவி முருகம்மாள் வேண்டுதலைச் சொல்லி வாய் மூடவில்லை, சங்கிலிமுத்துவுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோவிலில் அவர் இருபத்தொரு அக்கினிச்சட்டி எடுப்பதாக மாரியம்மனிடம் நேர்ந்துவிட்டாளாம். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு கம்பெனியில் இருபது வருடமாக ஃபோர்மேன் அவர். நெருப்பைக் கண்டால் பத்தடி தள்ளி நின்றே உயிர் பிழைத்தவர். அவர் போய் நெருப்பைக் கையில் ஏந்துவதா?

"இடுப்பு விட்டுப்போச்சு முருகம்மா. நிமிரவே முடியல," என்றார்.

அவள் உடனே அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றித் தேய்த்தாள். அலறினார். மறுநாள் நாட்டு வைத்தியரிடம் இழுத்துப் போனாள். வைத்தியரோ இவர் முதுகிலேயே ஏறி மிதித்தார். வலி போய்விட்டது என்று சொன்னால் சட்டி எடுக்க வேண்டுமே! சங்கிலிமுத்து இன்னும் உரக்க முனகினார்.

அதுவரை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மனிதரை அந்த முனகல் விருதுநகர் எலும்பு டாக்டர் முன்னால் நிறுத்தியது. டாக்டர் குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது பாதம் மேலே எழும்பவே இல்லை. அதை மட்டும் சங்கிலிமுத்து நடிக்கவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் நரம்பை ஒட்டி மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. இடுப்பு வலிக்கு இப்படியொரு காரணம் அபூர்வம், புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் கால் விளங்காமல் போகும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

முருகம்மாள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து சங்கிலிமுத்து உண்மையைக் கொட்டிவிட்டார்.

"டாக்டர், எனக்கு வலியே கெடையாதுங்க. சட்டி எடுக்கப் பயந்து நடிச்சேன்."

"ஆபரேஷன்னு சொன்னா எல்லாருக்கும் வலி போயிரும்," என்று டாக்டர் தேதியை எழுதினார்.

கட்டியை எடுத்தார்கள். நிஜமான இடுப்பு வலி என்றால் என்னவென்று அன்றுதான் சங்கிலிமுத்துவுக்குத் தெரிந்தது. ஆனால் நான்காம் நாள் இடது பாதம் லேசாக அசைந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பார்க்க வந்த மாமியார் பஞ்சம்மாளிடம், அம்மன்தான் காப்பாற்றினாள், தைக் கடைசி வெள்ளிக்கு இருபத்தொரு சட்டியையும் எடுத்துவிடுகிறேன் என்றார்.

பஞ்சம்மாள் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டுதலே கெடையாது மாப்பிள்ளை, ரெண்டு மாசமாக் காலை இழுத்து நடக்கீக, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கீக, சட்டின்னு சொன்னா இடுப்பு வலின்னு படுத்துருவீகன்னு எம்மக சொன்ன பொய் அது."