ஹெல்மெட் சார் வீட்டுச் சிம்னி

பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலையில் ஒருத்தர் சுண்டு விரலுக்கும் சேதம் வராமல் காத்த மனிதருக்கு, தன்னுடைய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

அவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. எல்லோருக்கும் ஹெல்மெட் சார். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் அவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். என்ன வேலை, யார் செய்வது, யார் கிட்டே வரக்கூடாது, எல்லாம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏணியின் முதல் படியில் கால். சீட்டில் ஏறிவிட்டால் அதை முதலாளியே மீற முடியாது. ஒரு முறை மீறப் பார்த்த முதலாளியை வெளியே நிறுத்திவைத்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பரணிலிருந்து சூட்கேஸ் இறக்கச் சீட்டு. ஒட்டடை அடிக்கச் சீட்டு. சமையலுக்கு மட்டும் சீட்டு கிடையாது. காரணம், சமையலறைக்குள் அவர் போனதே கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் நிலைப்படியில் நின்று கேட்பார்.

அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் ஆறு வருடம் டைப் அடித்தவள். அதை அவர் மறந்து வெகு காலம் ஆகிறது. அவள் மறக்கவில்லை.

நெருக்கடி ஒரு புதன்கிழமை, காலைக் காபியோடு வந்தது.

"இந்த வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை மதியச் சமையல் நீங்க," என்றாள் மனைவி. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற அதே குரல்.

"நானா?"

"பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல இருக்கு. அப்புறம் இந்த வீட்ல மிச்சம் யாரு?"

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"நானும் பொறக்கும்போது கரண்டியோட பொறக்கல."

"திடீர்னு என்ன வந்துது?"

"புகை வந்துது. இருபத்திரெண்டு வருஷமா இந்த வீட்டு எண்ணெய்ப் புகை மொத்தமும் என் மூக்குலதான் போகுது. வாரத்துல ஒரு நாள் உங்க மூக்குல போகட்டும்."

அவர் காபியை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பது அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து. காலையில் பேப்பர். பிறகு அதே பேப்பர், படுத்துக்கொண்டு. பிறகு அதே பேப்பர், முகத்தின் மேல். இடையில் சாப்பாடு என்று ஒன்று தானாக வரும். இந்த ஏற்பாட்டில் வெங்காயம் நறுக்க எங்கே இடம்?

ஆனால் பாதுகாப்புத் துறையில் ஒரு பாடம் உண்டு. ஆபத்து இருக்கிற இடத்தில் ஆளை மாற்றுவது முட்டாள்தனம். ஆபத்தை அகற்றுவதுதான் புத்திசாலித்தனம். அன்று மாலை வீடு திரும்பும்போது அவர் முகத்தில் அந்தப் புத்திசாலித்தனம் பளபளத்தது.

"உனக்குப் பிரச்சினை ஞாயித்துக்கிழமை இல்ல. புகை."

"சரி."

"புகை போயிட்டா?"

"போயிட்டா சந்தோஷம்."

"சிம்னி வைக்கிறேன். அடுப்புக்கு மேல, மோட்டார் வெச்சது. புகையெல்லாம் உறிஞ்சி வெளிய தள்ளிடும். சனிக்கிழமையே மாட்டிடலாம். ஆனா ஒண்ணு. சிம்னி வந்தா ஞாயித்துக்கிழமைச் சமையல் கோரிக்கையை நீ வாபஸ் வாங்கணும். எழுத்துல."

மனைவி உடனே எழுந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'புகைபோக்கி பொருத்தப்பட்டபின், ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் சமைக்க வேண்டும் என்ற என் கோரிக்கையை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். 'நிபந்தனையின்றி' அவர் கேட்கவேயில்லை. அவளே போட்டது. அவர் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அன்று அவருக்கு நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை சிம்னி பெட்டியில் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. முகப்பு சாய்வான கறுப்புக் கண்ணாடி. அதன் உச்சியில் வரிசையாக நாலு பொத்தான். அவர் கூடவே வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தார். பிறகு அனுமதிச் சீட்டுக்கு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்," என்று மனைவி பேனாவோடு எதிரே வந்து அமர்ந்தாள். இந்த ஒத்துழைப்பு அவருக்குப் புதிது. உச்சி குளிர்ந்தது.

முதல் விதியை அவர் யோசித்தே சொன்னார். சிம்னி ஓடாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. பத்தே நிமிஷம் புகை வந்தாலும் இவள் பழைய பல்லவியைத் தொடங்கிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

"எழுதியாச்சு. அடுத்து?"

"இயக்குறவங்க கையாலதான் பொத்தானை அழுத்தணும். குச்சி, கரண்டி, தொடப்பக்கட்டை எதுவும் கூடாது. அப்புறம், ரெண்டு காலும் தரையில இருக்கணும். எரியுற அடுப்புக்கிட்ட ஸ்டூல், நாற்காலி, முக்காலி ஏறக்கூடாது. எங்க ஃபேக்டரில பாதி விபத்து ஸ்டூல்லதான்."

"ரெண்டு காலும்னு மட்டும் போட்டா எக்கி நிக்கலாம்ல? குதிகாலும் தரையிலன்னு சேத்துடவா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருட அனுபவத்தில் தனக்கே தோன்றாத நுணுக்கம். "சேத்துக்கோ. நல்ல பாயிண்ட்."

"போட்டுட்டேன். வேற?"

"யார் சிம்னியைப் போடறாங்களோ, அவங்கதான் அடுப்பை அணைக்கிற வரைக்கும் அங்கயே நின்னு பாத்துக்கணும். போட்டுட்டு டிவி பாக்கப் போகக்கூடாது." இது நேராக அவளைக் குறிவைத்த விதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு சீரியல் பார்க்கிறவள் அவள்.

"நியாயந்தான்," என்று அவள் எழுதிக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு. பொருத்தின எடத்துலேர்ந்து ஆறு மாசத்துக்கு நகத்தக்கூடாது, எறக்கக்கூடாது, ஏத்தக்கூடாது." மாதம் ஒரு முறை பீரோவைச் சுவருக்குச் சுவர் நகர்த்துகிற பெண்ணிடம் இதைச் சொல்லிவைக்காமல் முடியுமா?

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரதி ஒன்று அவளுக்கு.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் வைத்துப் பேசுகிறவர். அவர் வருவதற்குள் ஹெல்மெட் சார் மஞ்சள் ஹெல்மெட், கையுறை, கண்ணாடி, தடித்த பூட்ஸ் சகிதம் தயாராக இருந்தார். வீட்டு மெயினை அணைத்து, ஃப்யூஸ் பெட்டிக் கதவில் பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று அட்டையும் தொங்கவிட்டிருந்தார். சாவி அவர் கழுத்தில்.

எலெக்ட்ரீஷியன் அட்டையைப் படித்தார். பூட்டைப் பார்த்தார். தன் கையிலிருந்த டிரில்லைப் பார்த்தார்.

"சார், இதுக்குக் கரண்ட் வேணும்."

அதற்கு ஒரு தனிச் சீட்டு எழுத அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் சமையலறைக்குப் போகிற இணைப்பை மட்டும் அணைத்துப் பூட்டினார்கள். டிரில்லுக்குக் கூடத்திலிருந்து ஒயர் இழுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "செத்துருக்கு" என்றார். ஹெல்மெட் சார் தன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, அதையே 'மின்னோட்டம் இல்லை' என்று சீட்டில் பதிவு செய்தார்.

"பிளக் பாயிண்ட் எங்க சார்?"

"அடுப்புக்கு நேர் மேல கூடாது. சூடு படும். ஓரமா, சீலிங்கை ஒட்டி. தனி ஒயர், தனி சுவிட்ச். எர்த் கட்டாயம்."

"எல்லாத்துலயும் எர்த் குடுக்கறதுதான் சார்."

"குடுத்துட்டு எனக்குக் காட்டுங்க."

காட்டினார். மூன்று முறை காட்டினார். மூன்றாவது முறை காட்டும்போது அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை.

பிறகு உயரம். எலெக்ட்ரீஷியன் பெட்டியிலிருந்த அளவு அட்டையைச் சுவரில் பிடித்துக்கொண்டார். "அடுப்புலேர்ந்து அறுபத்தஞ்சு சென்டிமீட்டர்லேர்ந்து எழுபத்தஞ்சுக்குள்ள எங்க வேணா வெக்கலாம். சமைக்கிறவங்க வந்து நில்லுங்க. தலை இடிக்குதா பாக்கணும்."

அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. அவள் கணவர் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. கல்யாண ஃபோட்டோவில் அவள் நிற்பது செங்கல் மேல்.

"சார் நிக்கட்டும்," என்றாள். "உயரமானவர் அவர்தான். அவருக்கு இடிக்கலன்னா யாருக்கும் இடிக்காது. தலை முக்கியமில்லையா?"

இருபத்திரண்டு வருடத்தில் தன் தலையைப் பற்றி அவள் இவ்வளவு அக்கறையாகப் பேசிக் கேட்டதில்லை. தவிரவும் அது அவருடைய துறைக் கொள்கை. எப்போதும் மோசமான நிலைமைக்குத்தான் அளவெடுக்க வேண்டும். வீட்டில் மோசமான நிலைமை தான்தான் என்று அவரே ஒத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அடுப்புக்கு எதிரே. ஹெல்மெட்டோடு.

"லேசாக் குனிஞ்சு வாணலியைப் பாக்கற மாதிரி பாருங்க."

பார்த்தார். டங். அறுபத்தைந்து ஆகாது.

எழுபது. டங்.

"ஹெல்மெட்டைக் கழட்டினா சரியா வரும் சார்."

"வேலை நடக்கிற எடத்துல கழட்டக்கூடாது."

எழுபத்தைந்தில் டங் இல்லை.

"இதுக்கு மேல போனா புகையை இழுக்காது. இதான் கடைசி." எலெக்ட்ரீஷியன் பென்சிலால் கோடு போட்டார். பொத்தான் வரிசை வரப்போகிற இடத்தை நிமிர்ந்து பார்த்தார். திரும்பி மனைவியைக் குனிந்து பார்த்தார். "ஏம்மா, உங்களுக்கு..."

"டீ ஆறுதுண்ணே. குடிச்சிட்டு ஆரம்பிங்க."

அவர் டீயைக் குடித்தார். குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

டைல்ஸில் ஓட்டை விழுந்தது. வெளிச்சுவரில் குழாய்க்கு வட்டமாகப் பெரிய ஓட்டை விழுந்தது. ஒரே ஒரு வளைவோடு குழாய் வெளியே போயிற்று. பறவை நுழையாமல் அதன் வாயில் ஒரு மூடி. மதியம் மூன்று மணிக்கு சிம்னி, விமானத்தின் மூக்கு மாதிரி, அடுப்புக்கு மேல் நின்றது. எலெக்ட்ரீஷியன் ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டினார். புகைக்குப் பதிலாக ஒரு பேப்பரைக் கீழே பிடித்தார். சட்டென்று ஒட்டிக்கொண்டது.

ஹெல்மெட் சார் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு ஞாயிறு.

மாலையில் முறைப்படி முதல் ஓட்டம். அவர் கூடத்து நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மனைவி வாணலியை ஏற்றினாள். எண்ணெய் ஊற்றினாள். லைட்டரைக் கையில் எடுத்துவிட்டு, ஞாபகம் வந்தவளாகக் கீழே வைத்தாள்.

"விதி ஒண்ணு. முதல்ல சிம்னி," என்றாள்.

"வெரி குட்," என்றார் அவர்.

அவள் கையை உயர்த்தினாள். அடுப்பு மேடையின் அகலம் நடுவில் கிடந்தது. விரல் கண்ணாடியின் பாதி வரை போய் நின்றது. பொத்தான் இன்னும் ஒரு சாண் மேலே. அவள் போய் ஸ்டூலைக் கொண்டுவந்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"எறங்கு," என்றார் அவர். அது யோசித்துச் சொன்னதல்ல. பதினெட்டு வருடச் சத்தம், தானாக வந்தது. "ஸ்டூல் கூடாது. சீட்டுல இருக்கு."

"ஆமால்ல," என்று அவள் உடனே இறங்கிவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிகிற தொழிலாளியை அவர் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"எக்கிப் பாரேன்."

"குதிகால்."

"ஒரு நீளமான கரண்டி..."

"கையாலதான்னு நீங்கதான சொன்னீங்க?"

"மேல பாயிண்ட்ல சுவிட்ச் இருக்கே. பொத்தானைப் போட்டே வெச்சுட்டு அந்த சுவிட்ச்ல..."

"அது சீலிங்கை ஒட்டி இருக்கு."

அவர் எழுந்து வந்தார். சிம்னியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஒரு அஞ்சு சென்டிமீட்டர் எறக்கச் சொல்லிடலாம்."

"ஆறு மாசத்துக்குக் கூடாது. அஞ்சு எறக்கினாலும் எட்டாது. சுவத்துல அவ்ளோ பெரிய ஓட்டை வேற போட்டாச்சு." அவள் சீட்டின் பிரதியைப் பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்தாள். "அவசரம் இல்லைங்க. பசிக்கும்போது போடலாம்."

அவருக்கு அப்போதே பசித்தது.

கையை நீட்டினார். நோகாமல் எட்டியது. பொத்தான் அவருக்கென்றே அளவெடுத்து வைத்த மாதிரி விரலுக்கடியில் வந்து நின்றது. சிம்னி உறுமியது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, நறுக்கிய வெங்காயத்தைப் போட்டாள். அவர் திரும்பி நாற்காலிக்குப் போகப் பார்த்தார்.

"யார் சிம்னியைப் போடறாங்களோ அவங்கதான் நின்னு பாத்துக்கணும்," என்று அவள் கரண்டியை நீட்டினாள். "வெங்காயம் பொன்னிறமா வரணும். கருகக்கூடாது. நான் இங்க உக்காந்து சொல்றேன்."

அவர் போட்டுவைத்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவர் கிளறினார். புகை துளி இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், கருவி அருமையான கருவி.

கிளறிக்கொண்டே அவர் ஆபத்தின் அளவை மதிப்பிட்டார். தினமும் காலையில் ஆறரைக்கு பஸ். அதற்கு முன் இங்கே நிற்க வேண்டும். மாலையில் வந்து மறுபடி நிற்க வேண்டும். கடைசியாக ஒரே ஒரு பிடிமானம் மிச்சம் இருந்தது. இடது கையால் பர்ஸைத் துழாவி, நாலாக மடித்த பேப்பரை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இங்க பாரு. நீ எழுதிக் குடுத்திருக்க. நான் சமைக்க வேண்டியதில்லை."

அவள் வாங்கி நிதானமாகப் படித்தாள். மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிதாங்க. நான் குடுத்த வாக்கை மீற மாட்டேன். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு."