பாஸ்வேர்டு கேட்காத சனிக்கிழமை

வீட்டு லேப்டாப்பில் ஒரு புரோகிராம் போட இனிமேல் என் மனைவி சோல்வேயிடம் போய் நிற்க மாட்டேன் என்று செவ்வாய்க்கிழமை கர்லிங் கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுகிற ஆட்டம் எங்களுடையது. வீட்டில் துடைப்பத்தைத் தொடாதவர்கள்தான் அங்கே மாய்ந்து மாய்ந்து பெருக்குவார்கள். அந்தக் கூட்டத்தில் வாய் கொஞ்சம் நீளுவது சகஜம்.

சனிக்கிழமை மாலைப் போட்டிக்கு, ஸ்கோரைத் திரையில் காட்டும் புரோகிராமை நானே லேப்டாப்பில் போட்டுக் கொண்டுவருவேன் என்றேன். முடியாவிட்டால் ஸ்கோர் மேஜையை, அதன்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருக்கும் கிளப் சகா லைலுக்கு விட்டுக்கொடுப்பதாகவும் சொல்லித் தொலைத்தேன். அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் கிளப்பின் ஒரே ஹீட்டர் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் உறைந்து கிடக்கும் எங்கள் டுலூத்தில், ஜனவரி மாதத்தில், அந்த நாற்காலியை இழப்பதைவிட நான் ஊரையே காலி செய்துவிடலாம்.

லேப்டாப்பில் சோல்வே அரசி, நான் குடிமகன். ஒருநாள் இடத்தை அடைக்கிறதே என்று சில ஃபைல்களை அழித்தேன். அவை லேப்டாப்பின் இதயம், ஈரல் வகையறா என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பாஸ்வேர்டு அவளிடம். கேட்டால் தருவாள். கூடவே எதையாவது கேட்பாள். இந்த வாரம் அவள் அக்கா வீட்டில் விருந்து, அதற்கு வா என்பாள். அக்கா புருஷன் அக்கார்டியன் வாசிப்பார். நிறுத்த மாட்டார்.

ஸ்கோர் புரோகிராம் வேண்டுமென்றால் முதலில் ஒரு பேக்கேஜ் மேனேஜர் வேண்டுமாம். நாம் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் தேடியெடுத்துப் பொருத்திக் கொடுக்கிற கடைச் சிப்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவுகிற கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட், வழக்கமாக லேப்டாப்பின் பொது இடத்துக்குப் போகும், பாஸ்வேர்டு கேட்கும். நம் சொந்த ஃபோல்டரைக் காட்டினால் கேட்காது. இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ‘ஆர்லோ ராஜ்யம்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, சனிக்கிழமை காலை ஸ்கிரிப்டை ஓட்டினேன்.

‘ஆர்லோ’ என்று எதுவும் இல்லை என்றது. இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தேன். ஸ்கிரிப்ட் என் பெயரோடு நின்றுவிட்டது, ராஜ்யம் வரைக்கும் வரவே இல்லை.

சோல்வே காபியோடு வந்தாள்.

“நான் வேணா பாக்கட்டுமா, ஆர்லோ?”

“வேண்டாம், வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?”

எங்கள் பக்கத்து மரியாதை அது. காபியோ கேக்கோ உதவியோ, எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை, இவ்வளவு சொல்கிறீர்களே என்று வாங்கிக்கொள்வோம். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. சோல்வே மூன்று தடவை வற்புறுத்தினால் நான் கேட்டதாக ஆகாது. சபதமும் நிற்கும், வேலையும் முடியும், அக்கார்டியனும் கிடையாது.

இடைவெளியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நிறுவியாகிவிட்டது என்றது ஸ்கிரிப்ட். மேனேஜரின் பெயரைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது லேப்டாப். ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டு இரண்டும் பேசிக்கொள்வதில்லை போலும். நான் பெருமூச்சு விட்டேன், சமையலறைக்குக் கேட்கிற மாதிரி.

“ரெண்டு நிமிஷ வேலைதான். பாக்கட்டுமா?” என்றாள் அங்கிருந்தே.

“சேச்சே, நீ உன் வேலையைப் பாரு.”

இரண்டாகிவிட்டது. சாய்ந்து உட்கார்ந்து மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

வரவில்லை. அவள் வாசல் பனியை வாரித் தள்ளினாள். கேக்கை அடுப்பில் வைத்தாள். பாட்டு வேறு. நான் மேஜையைத் தட்டினேன், முனகினேன், நாற்காலியைக் கிறீச்சிட வைத்தேன். எட்டிப் பார்த்து, ஏரிக்காற்று இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்றாள்.

வேறு வழியில்லாமல் லைலுக்கே போன் செய்தேன். லேப்டாப் தனக்குப் பழகிய இடங்களில் மட்டும்தான் தேடுமாம், என் ராஜ்யம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அதற்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டுமாம். எழுதினேன். மேனேஜர் எழுந்து உட்கார்ந்தான். ஆனால் தனிக்குடித்தனத்துக்கு ரெடிமேட் சாமான் தரமாட்டார்களாம், ஒவ்வொன்றையும் இங்கேயே அரைத்துப் பொடித்துச் செய்ய வேண்டுமாம். லேப்டாப் கொதித்தது. மின்விசிறி மாவு மெஷின் மாதிரி அலறியது. இருட்டிக்கொண்டு வந்தபோது பாதிகூட முடியவில்லை. மற்றவர்கள் கிளப்புக்குக் கிளம்பியிருப்பார்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் லைல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

சமையலறைக்குப் போனேன்.

“சோல்வே, உனக்குச் சிரமமில்லன்னா...”

“அய்யோ வேண்டாம். நீ நல்லாத்தானே பண்ணிட்டிருக்கே.”

“இல்ல, கொஞ்சம் பாத்தேன்னா...”

“வேண்டாம்ப்பா. உன் ராஜ்யத்துல எனக்கென்ன வேலை?”

“சோல்வே, தயவு செஞ்சு பாரு.”

“நீ இவ்ளோ சொல்றதால பாக்கறேன்” என்று கையைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா, நாளைக்கு அக்கா வீட்டுக்கு வர்றியா?”

“வர்றேன்.”

வந்தாள். பாஸ்வேர்டு எதையும் தட்டவில்லை. திரை முழுக்க விரித்து வைத்து, நான் காலையிலிருந்து கட்டளை தட்டி முறைத்துக்கொண்டிருந்த கறுப்பு ஜன்னலை ஓரமாகத் தள்ளினாள். அதற்கு அடியில், திரையின் மூலையில், கர்லிங் கல் படம் போட்ட ஸ்கோர் புரோகிராம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“நீ சபதம் போட்டதை லைல் சொன்னான். புதன்கிழமையே போட்டு வச்சுட்டேன். காலைல அதைக் காட்டத்தான் வந்தேன். நீதான் வேண்டாம்னுட்டே.”

ஹீட்டர் பிழைத்தது. நெஞ்சு லேசானது. அந்தத் தைரியத்தில், லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டே, அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொன்னது சும்மா மரியாதைக்கு என்றேன்.

“மரியாதைக்குன்னா ரெண்டு தடவை வேண்டாம்னிருப்பியே, ஆர்லோ. நீ முதல் தடவையே சரின்னுட்டே” என்றாள் சோல்வே.