பதினேழாம் வரியில் பிபி வைத்த படலம்

நெய்வேலிப் பதினாறாம் பிளாக்கில், குவார்ட்டர்ஸையே கோட்டையாகவும் சுழல் நாற்காலியையே அரியணையாகவும் கொண்டு வீற்றிருந்த, சுரங்கத்துக் கன்வேயர் காவலன், கீபோர்டு கிழவோன், பாட்டுக்குழுவின் படைத்தலைவன் குஞ்சிதபாதன் வாழ்க! அவன் வலக்கை வாழ்க! அக்கையில் துடித்த மவுஸ் அதனினும் நீடு வாழ்க!

அப்பெருமகன் போருக்கு எழுந்த காரணம் கேளுங்கள். தொண்டையில் அறுவை முடிந்து ஓராண்டாகப் பாடாதிருந்த ஆதிலட்சுமி, குடியிருப்போர் விழாவில் மீண்டும் பாட ஒப்பியிருந்தாள். நூலிழை போன்ற குரல். அவள் பின்னே நின்றவர்களோ, இருபது ஆண்டு இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிய எட்டுச் சுரங்க வீரர்கள். அவர்கள் தொண்டையைச் செருமினாலே ஜன்னல் அதிரும். பதினேழாம் வரியில் அவர்கள் அடங்காவிடில், அவள் குரல் அங்கேயே புதைந்துபோகும்.

"அந்த எடத்துல பிபி, அன்புமணி அண்ணே," என்று முந்தின நாள் ஒத்திகையில் ஆணையிட்டான் தலைவன்.

"எனக்கு சுகர் மட்டும்தாங்க," என்றார் வீரருள் மூத்த அன்புமணி.

"இங்கிலீஷ்ல ரெண்டு 'பி' போட்டா, ரொம்ப மெதுவாப் பாடணும்னு அர்த்தம்."

"பேப்பர்ல இல்லியேங்க. நாங்க அதப் பாத்துகினுதான பாடுறோம்? போட்டுக் குடுங்க, அடங்கிடுறோம்."

ஆகவே விழா நாளன்று பகல் ஒரு மணிக்கு, ஆறிக்கொண்டிருந்த சாம்பார் சாதத்தையும் துறந்து, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் என்னும் மாயக்கோட்டைக்குள் தன்னந்தனியனாய்ப் புகுந்தான் தலைவன். "இன்று இந்தப் பிபி ஆண்கள் பாடும் வரியின் அடியில் அமரும்; அன்றேல் இந்தக் கம்ப்யூட்டர் இவ்வீட்டில் இராது!" என்று அவன் சூளுரைக்க, "அது பொண்ணு படிக்கிற கம்ப்யூட்டருங்க," என்று அடுக்களையிலிருந்து எதிர்முழக்கமிட்டாள் மனைவி பெரியநாயகி.

மவுஸால் இழுத்தான். பிபியோ வில்விட்ட கணையெனப் பாய்ந்து ஆதிலட்சுமியின் வரியில் தைத்து, மெலிந்த குரலையே மேலும் மெலியச் சொன்னது. பிடுங்கி நட்டான். பாடலின் 'தாயே' என்னும் சொல்லின்மேல் ஏறிச் சப்பணமிட்டது. ஒலி சிறுத்து ஒடுங்குவதைக் காட்டும் கூர்முனைக் கோட்டைத் தொட்டான். அது கட்டறுத்த களிறுபோல் மூன்று பக்கம் ஓடியது. சினந்து அவன் ஏதோ ஒரு விசையைக் குத்த, அந்தோ, பிபி எஃப்எஃப் ஆகி, அவ்வெண்மரையும் அடித்தொண்டையில் அலறுமாறு பணித்தது! செய்ததை மீட்டான், மீட்டதைச் செய்தான், நாற்பது முறை வீழ்ந்து நாற்பத்தொரு முறை எழுந்தான். மூன்றரை மணிக்கு, மூச்சடக்கி, மயிரிழை அளவு கீழே நகர்த்த, ஆண்கள் வரியின் அடியில் அடங்கி அமர்ந்தது பிபி.

வென்ற வீரன் பென்டிரைவ் ஏந்தி, ஸ்கூட்டரில் மந்தாரக்குப்பம் பாய்ந்து, பிரிண்ட் எடுத்து, தாளைப் பிரித்துப் பார்க்கவும் பொழுதின்றி ஐந்து மணிக்கு மேடையேறினான். இசைக்குறிகளை வரையும் எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லை என்பதை அவன் அறியான். பிபி இருக்கவேண்டிய இடத்தில் காலிச் சதுரம் ஒன்று அச்சாகியிருந்தது.

பாட்டு பதினேழாம் வரியை எட்டியது. அன்புமணி சதுரத்தைப் பார்த்தார்; வாயை மூடினார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், அவரும் மூடினார். இவ்வாறே எட்டு வாய்களும் ஐயத்தால் அடைபட, அந்த அமைதியின் நடுவே, நடுங்கியும் உடையாமல், ஆதிலட்சுமியின் குரல் தனியே எழுந்து கடைசி வரிசை நாற்காலிவரை சென்றது. ஓராண்டுக்குப் பின் தன் குரல் தன் காதில் விழுந்ததும், அவள் கண்மூடிச் சிரித்தபடியே பாடினாள். "கண்டதா உலகு, என் பிபியின் பேராற்றலை!" என்று கீபோர்டின் பின்னே நெஞ்சு நிமிர்ந்தான் குஞ்சிதபாதன்.

"இந்தக் கட்டத்துல என்னதாங்க பண்ணணும்?" என்று அன்புமணி கிசுகிசுத்தது, கைத்தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் எல்லோருக்கும் ஆளுக்கொரு சமோசாவும் டீயும் கொடுத்தார்கள்.