பாதியில் நின்ற விளம்பரமும் என் மகனின் சாவு அறிவிப்பும்

சம்பாய், மேல்பேட்டையிலிருந்து
மாதர் குழுவின் பிடி அரிசிக் கணக்கு எழுதும் ஸோதான்புயி.

வானொலி நிலையத்தில் போதை ஒழிப்பு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் கர்த்தர் நல்ல சுகமும் நல்ல தூக்கமும் அருள்வாராக. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சம்பவம் நடந்த மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் பின்வருமாறு: சமையலறையில் நான். தகரக் கூரை மேல் ஓட்டை அடைத்துக்கொண்டு என் கணவர் பியாக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டு ஸாங்கி. அந்தப் பக்கம் என்றாலும், எங்கள் வீட்டில் நடக்கிற எதுவும் அவளுக்குத் தெரியாமல் போனதில்லை, அதனால் சேர்த்திருக்கிறேன். சன்னல் விளிம்பில் வானொலி. வீட்டில் இல்லாதவன் என் மகன் கிமா. மற்றவர்கள் பிற்பாடு வந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ண என்னாலேயே முடியவில்லை.

அன்று நடந்ததை வைத்து எங்கள் ஆலய மூப்பர் ரோகூமாவும் பேட்டைக் குழுவும் தங்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்களாம், தங்கள் போதை ஒழிப்பு விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டுமென்று. ஐயா, நிறுத்தக் கூடாது. அவர்கள் எழுதியது அவர்கள் நியாயம். என் நியாயத்தையும் கேளுங்கள்.

கிமாவுக்கு இருபத்துமூன்று வயது. நம்பர் ஃபோர் என்கிறார்களே அந்தப் போதைத் தூளை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஊரார் கேட்டால் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தேன். அந்த வயிற்றுப்புண்ணுக்கு ஸாங்கி எத்தனை விதமான கஷாயம் கொண்டுவந்தாள் தெரியுமா! அவன் தொட மாட்டான், கீழே ஊற்றினால் வேலி வழியாக அவள் பார்த்துவிடுவாள், எல்லாவற்றையும் நானே குடித்தேன். இப்போது கல்லைத் தின்றாலும் எனக்குச் செரிக்கிறது. இப்படி நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தபோதுதான் தங்கள் நிகழ்ச்சிகள் வர ஆரம்பித்தன. அந்த டாக்டரம்மா என்ன தங்கமாகப் பேசினார்! பிள்ளையைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள் என்றார். போய் உட்கார்ந்தேன். "என்னம்மா வேணும்?" என்றான். "ஒண்ணும் வேணாம்டா, ரேடியோ உக்காரச் சொல்லுச்சு" என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். ஆனால் மறுநாளும் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள் நான், வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கவே கற்றேன், சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு.

அன்றைக்கு அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போமே, அந்தப் பிடி என் கையில் இருந்தது. அப்போதுதான் தங்கள் விளம்பரம். டிங், டாங் என்று, எங்கள் பேட்டை ஒலிபெருக்கியில் சாவுச் செய்தி சொல்லுமுன் அடிக்குமே அதே மணி. பிறகு அந்தக் குரல். ஐயா, அந்த நடிகர் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அந்த ஒலிபெருக்கியில் பேசும் எங்கள் வாலிபர் சங்கச் செயலாளர் புயாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் எப்படிப் பேசுவானோ அப்படியே இருந்தது. "நம் பேட்டையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் ஊசியோடு இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவருடைய தாயார்..." என்றது குரல், கரண்ட் போய்விட்டது. அதற்கு முன் அந்த விளம்பரத்தை நான் கேட்டதே இல்லை.

தாயார் என்ன ஆனாள் என்று யார் சொல்வது? தாயார் நான்தானே. காலையில் போன பிள்ளை வரவில்லை. "ஐயோ என் கிமா!" என்று நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த அரிசி முழுக்க அடுப்பில் விழுந்தது. அது ஆலயத்து அரிசி, அடுத்த வேளை இரண்டு பிடியாக எடுத்துச் சரிசெய்துவிட்டேன்.

அப்புறம் என்ன, எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சாவு வீடு என்றால் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம், கையை மட்டும்தான் நீட்டுவோம். ஸாங்கி உலர்த்தின துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். இவர் கூரையிலிருந்து ஏணியை மறந்து இறங்கினார். "யாரு சொன்னா?" என்று ஒருத்தராவது கேட்கணுமே! நான் பேசுகிற நிலையில் இல்லை. ஸாங்கி நினைத்தாள் எனக்கு ஆள் வந்து சொன்னதாக, இவர் நினைத்தார் ஸாங்கிக்குத் தெரியும் என்று, புயா வந்து பார்த்தான், நாங்கள் மூணு பேரும் அழுகிறோம், இதைவிட என்ன அத்தாட்சி வேணும்னு நேரே ஓடிப்போய் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான். அதற்கு மட்டும் பாட்டரி இருக்கிறது! பேட்டை முழுக்க என் பிள்ளை பேரு, அப்பன் பேரு, வயசு, எல்லாம் சரியாக. பெஞ்சு வந்தது, கெட்டில் வந்தது, தேத்தண்ணி ஓடியது. வாலிபர்கள் மண்வெட்டியோடு மேட்டுக் கல்லறைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஸாங்கி பிரேதத்தின் மேல் போர்த்தத் தன் பெட்டியிலிருந்த நல்ல நெசவுத் துணியை எடுத்து வந்தாள். "உடம்பை எப்பக் கொண்டாருவாங்க?" என்று என் காதில் கேட்டாள். "தெரியலையே ஸாங்கி" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதில் உண்மை.

மூப்பர் ரோகூமா வந்து கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை ஒரு ஞாயிறும் தவறாமல் உம்முடைய ஆலயத்துக்கு..." என்று அவர் உருகும்போது வாசலில் ஒரு குரல்.

"மூப்பரே, நான் கடைசியா வந்தது போன கிறிஸ்துமஸுக்கு."

கிமா! தன் சாவைத் தானே காதால் கேட்டுவிட்டு, மேடேறி ஓடிவந்து மூச்சு வாங்குகிறான். மூப்பர் ஆமென் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். இவர் அவன் முகத்தைத் தடவுகிறார், அடிக்கவா கொஞ்சவா என்று கைக்கே தெரியவில்லை.

"அடப் பாவி, உனக்காக எம்புட்டு அழுதேன்!" என்று ஸாங்கி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "வயித்துப்புண்ணுல செத்தியோன்னு நெனச்சேன்."

"வயித்துப்புண்ணு இல்ல அத்தே" என்றான் கிமா. அவ்வளவு பேர் முன்னாலும் சொன்னான். "ஊசி. உங்க கஷாயமெல்லாம் அம்மாதான் குடிச்சாங்க."

அந்த நேரம் பார்த்துப் புயா மண்ணும் வேர்வையுமாகக் கல்லறையிலிருந்து வந்தான். கிமாவைப் பார்த்தான். உட்கார்ந்தான். எழுந்தான். "டேய், இடுப்பளவு தோண்டிட்டோம்டா" என்றான், ஏதோ அவனுக்கு வேண்டிய சாமானை வாங்கி வைத்துவிட்ட மாதிரி.

"எந்த இடத்துல?"

"ஓரமா. ஆப்பிள் மரத்துக்குக் கீழ. நல்ல இடம்."

"காட்டு."

நானும் பின்னாலேயே போனேன், யார் தடுத்தும் கேட்கவில்லை. கிமா அந்தக் குழியை எட்டிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு புயா கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தான். மண் பாதி வெளியே போகிறது. பையன்கள் உதவ வந்தார்கள், "விடுங்கடா, என்னோடதுதானே" என்றான். மூடி முடித்து மேலே மிதித்துவிட்டு, "புயா, ரேடியோவுல சொல்றாங்களே, அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு இன்னிக்கே போலாமா? நாளைக்குன்னா நான் மாட்டேன்" என்றான்.

அன்று சாயங்காலமே புயாவும் இவரும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போர்த்தக் கொண்டுவந்த துணியை மடித்துத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்றுவிட்டாள் ஸாங்கி. அங்கே குளிர் அதிகம், கிமா அதைத்தான் போர்த்திக்கொண்டு போனான்.

மூப்பர் சொல்கிறார், பொய்ச் சாவுச் செய்தியால் பேட்டைக்கே அவமானம் என்று. ஐயா, அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருகிற பெண்களை அவர் பார்க்கவில்லை. முட்டை கடன் கேட்பது போல வருவார்கள், உட்காருவார்கள், பிறகு மெதுவாக, "ரேடியோவுல சொல்ற அந்த இல்லத்து போன் நம்பர் உங்கிட்ட இருக்கா அக்கா?" என்பார்கள். எத்தனை வீட்டில் வயிற்றுப்புண்! டாக்டரம்மா இத்தனை நாள் பேசியது இவர்கள் எல்லார் காதிலும் விழுந்துதான் இருக்கிறது, வாயைத் திறக்கத்தான் ஒரு சாவு வேண்டியிருந்தது, அதையும் யாரும் சாகாமலே தாங்கள் நடத்திக் கொடுத்துவிட்டீர்கள். ஆகையால் விளம்பரத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், மணியையும் மாற்றாமல், முன்னைவிட அதிகமாகவே ஒலிபரப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நிலையத்தில் பேசுகிறவர், பாடுகிறவர், கம்பி பூட்டுகிறவர் அனைவரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. டாக்டரம்மாவின் தொண்டைக்குத் தேன் கலந்த இஞ்சி நல்லது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
ஸோதான்புயி

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் இன்று கிமாவைப் பார்க்கப் போனேன், கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அம்மா, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன், நிறுத்தச் சொல்லிடு" என்கிறான். இல்லத்தில் தேத்தண்ணி வேளையில் வானொலி ஓடுமாம். அந்த மணி அடித்ததும் அத்தனை பையன்களும் எழுந்து நின்று, "கிமா, உன் அடக்கத்துக்கு நேரமாச்சுடா, கிளம்பு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்களாம். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஆகவே நான் மேலே கேட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவன் கேட்பதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்துவதா விடுவதா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாங்களே யோசித்துச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.